உரக்கடை டிவிஆரின் 19 நிமிடம்: காவல்துறை டிஜிட்டல் ஆய்வகமும் தர அங்கீகாரமும் – ஒரு நிகழ்வு ஆய்வு

சேரன்மகாதேவி பக்கம் ஒரு முக்கில் உரக்கடை. வாசலில் ஒரு கேமரா, கல்லாவுக்கு மேலே பரணில் அதன் காட்சியைப் பதிந்து வைக்கும் டிவிஆர் பெட்டி. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் மடை திறப்பது பற்றி இரண்டு குடும்பங்களுக்குள் நெடுநாள் பகை. ஒரு நாள் இரவு கடைக்குக் கொஞ்சம் தள்ளி ஒருவருக்கு அரிவாள் வெட்டு விழுந்தது. உயிர் பிழைத்துவிட்டார். வெட்டியவன் துண்டால் முகத்தை மூடியிருந்ததால் ஆளை அவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. உரக்கடைக் கேமராவில் கட்டம் போட்ட சட்டையோடு ஓர் உருவம் வேகமாகக் கடந்து போகிறது. திரையின் மூலையில் நேரம் இரவு 9.52.

எதிர்த்தரப்புக் குடும்பத்து இளைஞர் ஒருவர் கைதானார். அவருடைய சட்டைப் பையில் இருந்த பேருந்துச் சீட்டு திருநெல்வேலி சந்திப்பில் 9.05க்கு அடிக்கப்பட்டது. அந்தப் பேருந்து 9.50க்கு அந்த முக்கில் நின்றதாக டிரிப் ஷீட் சொன்னது. இறங்கிய இரண்டாவது நிமிடத்தில் கேமராவில் உருவம். எந்த விசாரணை அதிகாரிக்கும் இதைவிடப் பொருத்தமான சாட்சியத் தொடர் கிடைக்காது. காவல்துறையின் டிஜிட்டல் ஆய்வகம் காட்சியைப் பிரித்தெடுத்து, ஹாஷ் மதிப்பு (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்) போட்டு, சான்றிதழோடு அறிக்கை கொடுத்தது. குற்றப்பத்திரிகை தாக்கலானது.

ஆட்களும் ஊரும் ஆய்வகமும் அடையாளம் தெரியாதபடி, வகுப்பில் வைத்துப் பேசுவதற்காக விவரங்களை மாற்றி அமைத்த வழக்கு இது. சட்டமும் தரநிலையும் கடிகாரத்தின் கணக்கும் உள்ளபடியே இருக்கின்றன.

சாட்சி விசாரணைக்கு வழக்கு வந்தபோது எதிர்த்தரப்பு வக்கீல் ஆய்வகப் பரிசோதகரை அதிக நேரம் நிறுத்தி வைக்கவில்லை.

“இந்த 9.52 எந்தக் கடிகாரத்தின் நேரம்?”

“டிவிஆர் காட்டுற நேரம் சார்.”

“அந்தக் கடிகாரம் சரியா ஓடுச்சான்னு பாத்தீங்களா?”

பதில் இல்லை. கைப்பற்றிய மகஜரில் அது எழுதப்படவில்லை. ஆய்வகத்தின் குறிப்பேட்டிலும் இல்லை. நீதிமன்றம் மறு ஆய்வுக்கு உத்தரவிட்டது.

சட்டம் கேட்ட எதையும் அந்த ஆய்வகம் விட்டுவிடவில்லை என்பதுதான் இந்த வழக்கில் கவனிக்க வேண்டியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆவது பிரிவு, மின்னணு ஆவணத்தோடு இரண்டு பகுதிகள் கொண்ட சான்றிதழைக் கேட்கிறது. முதல் பகுதியில் ஆவணத்தைக் கொடுக்கிறவர் கையெழுத்திட வேண்டும், இரண்டாம் பகுதியில் நிபுணர் கையெழுத்திட வேண்டும். ஹாஷ் மதிப்பையும், அது எஸ்எச்ஏ-256 முறையா வேறா என்பதையும் எழுத வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுக்காலத்தில், உச்ச நீதிமன்றத்தில் 2014இல் வந்த அன்வர் தீர்ப்பும் 2020இல் வந்த அர்ஜுன் பண்டிட்ராவ் தீர்ப்பும் சான்றிதழைக் கட்டாயமாக்கின. அதன் பிறகு காவல் நிலையங்களில் சான்றிதழ் இல்லாமல் பென் டிரைவ் நகர்வதில்லை. நல்ல மாற்றம்தான். ஆனால் எடுத்த நகல் மூலத்திலிருந்து ஒரு பிட் கூட மாறவில்லை என்பதை மட்டுமே ஹாஷ் சொல்லும். மூலத்திலேயே நேரம் தப்பாக இருந்தால் அந்தத் தப்பையும் பத்திரமாகக் காத்துத் தரும். சான்றிதழ் சுத்தமாக இருந்தது, நேரம் தப்பாக இருந்தது. இரண்டும் ஒரே கோப்பில் இருக்க முடியும் என்பதை நம் விசாரணை அதிகாரிகளில் பலர் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.

டிவிஆருக்குள் நேரத்தைக் காப்பது சின்னக் குவார்ட்ஸ் படிகம். நொடிக்கு 32,768 முறை அதிரும் வகை. பத்து லட்சத்தில் 20 பங்கு பிழை என்பது இந்த வகைப் படிகத்துக்குச் சாதாரணம். கணக்குப் போட்டால் நாளுக்கு 1.7 நொடி, ஆண்டுக்குப் பத்து நிமிடத்துக்குச் சற்று மேல். இணையத்தில் இணைத்து நேரத்தைச் சரிசெய்யும் வசதி பெரும்பாலான டிவிஆர்களில் உண்டு. கடைக்காரர்கள் அதை இயக்குவதில்லை, பொருத்த வந்தவரும் சொல்லித் தருவதில்லை. பொத்தான் பேட்டரி செத்துப்போன டிவிஆராக இருந்தால் மின்சாரம் போய் வரும்போது தேதியே தொழிற்சாலை வைத்த நாளுக்கு ஓடிவிடும். சில கருவிகளில் நேர மண்டலம் சீனத்துக்கு வைத்தபடியே கிடக்கும், நம் நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் கூட. இவ்வளவு பெரிய பிழை கண்ணில் பட்டுவிடும். ஆபத்தானது பத்து, இருபது நிமிடப் பிழைதான். அது உண்மை போலவே இருக்கும். அந்த உரக்கடையில் மூட்டை நிறுக்கும் தராசுக்கு அரசு முத்திரை இருந்தது. ஓர் ஆளைச் சிறைக்கு அனுப்பக்கூடிய கடிகாரத்துக்கு எந்தச் சோதனையும் இல்லை.

மறு ஆய்வு எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் முறை என்பது இங்கேதான் கண்ணுக்குத் தெரிகிறது. நல்லகாலமாக டிவிஆர் முத்திரையோடு இருந்தது, உரிமையாளரிடம் திரும்பிப் போகவில்லை. முதலில் வன்தட்டைக் கழற்றி, மூலத்தில் எதுவும் புதிதாக எழுதப்படாமல் காக்கும் எழுத்துத் தடுப்புக் கருவி வழியாகப் படியெடுத்து, படியைத்தான் டிவிஆரில் பொருத்தினார்கள். பிறகு மின்சாரம் கொடுத்து, இந்திய நேரத்தைக் காக்கும் புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சேவையோடு இணைத்த கணினியைப் பக்கத்தில் வைத்து, இரண்டு திரைகளும் ஒரே படத்தில் வரும்படி எடுத்தார்கள். டிவிஆர் 34 நிமிடம் முந்தியிருந்தது.

ஆனால் அது இன்றைய நிலை. சம்பவம் நடந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. அன்று எவ்வளவு முந்தியது?

இங்கே ஒரு இளம் பரிசோதகருக்கு வந்த யோசனை வழக்கைத் திருப்பியது. சம்பவத்துக்குச் சில நாள் முன்பு அந்தப் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை இருந்தது. டிவிஆருக்கு யுபிஎஸ் கிடையாது. அப்படியென்றால் மின்சாரம் நின்ற நேரமும் வந்த நேரமும் டிவிஆரின் உள் பதிவில் இருக்க வேண்டும். துணைமின் நிலையப் பதிவேட்டிலும் இருக்க வேண்டும். பதிவேட்டில் ஃபீடர் எனும் மின்பாதையை நிறுத்தியது காலை 9.05, திரும்பக் கொடுத்தது பிற்பகல் 2.10. டிவிஆரில் கடைசிப் பதிவு 9.24, மறுபடி தொடங்கியது 2.29. இரண்டு முனையிலும் அதே 19 நிமிடம். அன்றைக்கு 19, ஒன்றரை ஆண்டு கழித்து 34 என்றால் ஆண்டுக்குப் பத்து நிமிட ஓட்டம். படிகத்தின் இயல்போடு ஒத்துப்போகிறது. பின்னோக்கிப் போனால் சம்பவத்துக்குச் சுமார் இரண்டு ஆண்டு முன்பு கடிகாரம் சரியாக வைக்கப்பட்டிருக்க வேண்டும். டிவிஆர் வாங்கிய பில்லும் அதையே சொன்னது.

துணைமின் நிலையத்துச் சுவர்க் கடிகாரமும் ஒரு கடிகாரம்தானே என்று கேட்கலாம். சரியான கேள்வி. பதிவேட்டில் எழுதுகிறவர் நேரத்தை ஐந்தின் மடங்காக எழுதுவதும் வழக்கம். அதனால் அறிக்கை 19 என்று மட்டும் சொல்லவில்லை. மூன்று நிமிடம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்றது. உருவம் கடந்த உண்மை நேரம் இரவு 9.30க்கும் 9.36க்கும் இடையில். அந்த நேரத்தில் 9.05 பேருந்து முக்குக்கு வந்திருக்கவில்லை. நடத்துநரின் டிக்கெட் மெஷின் நேரத்தையும் தனியாகச் சரிபார்த்தார்கள், அது சரியாக இருந்தது. அந்தச் சீட்டை வாங்கியவர் யார், அந்த இளைஞர் பேருந்தில் இருந்தாரா என்பதெல்லாம் நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டியவை. ஆய்வகம் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: பேருந்தில் வந்தவர் கேமராவில் தெரிகிறவராக இருக்க முடியாது. காவல்துறை தன் தரப்புக்குப் பலம் என்று வைத்த பேருந்துச் சீட்டு மறுபக்கம் சாய்ந்துவிட்டது.

இந்த உலுக்கலுக்குப் பிறகுதான் அந்த ஆய்வகம் தர அங்கீகாரத்தை மெய்யாகவே நினைக்கத் தொடங்கியது. அதுவரை அது சுவரில் மாட்டும் சட்டகமாகத்தான் பேசப்பட்டது.

ஆய்வகங்களின் திறனுக்கான தரநிலை ஐஎஸ்ஓ/ஐஇசி 17025. முதலில் 1999இல் வந்தது, இப்போது நடப்பில் இருப்பது 2017ஆம் ஆண்டுப் பதிப்பு. சிமென்ட் சோதிக்கிற ஆய்வகத்துக்கும் ரத்தத்தில் நஞ்சு பார்க்கிற தடய ஆய்வகத்துக்கும் இதுவே பொருந்தும். நம் நாட்டில் இதன்படி அங்கீகாரம் தருவது இந்தியத் தரக் குழுமத்தின் கீழ் உள்ள என்ஏபிஎல். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஏ பிரிவின்படி மின்னணுச் சாட்சியப் பரிசோதகராக ஓர் ஆய்வகத்தை மத்திய அரசு அறிவிப்பதற்கும் 17025தான் அடிப்படை. சாட்சியத்தை அடையாளம் கண்டு சேகரித்துக் காப்பதற்கான 2012ஆம் ஆண்டின் 27037 வழிகாட்டுதலும் அதோடு சேரும். முழு ஆய்வகத்துக்கும் மொத்தமாக அங்கீகாரம் கிடைக்காது. எந்தெந்த முறைக்கு என்று பட்டியலிட்டுத்தான் விண்ணப்பிக்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ளாமல் செல்போன், கணினி, குரல் ஒப்பீடு, கிளவுட் என்று எல்லாவற்றையும் ஒரே விண்ணப்பத்தில் அடைத்துத் திணறும் ஆய்வகங்களுக்கு என் யோசனை: வன்தட்டுப் படியெடுப்போடும் செல்போன் தரவு எடுப்போடும் தொடங்குங்கள். அவை நிலைபெற்ற பிறகு மற்றவை.

தரநிலையின் 7.2 பிரிவு, பயன்படுத்துகிற முறை சரியாக வேலை செய்கிறது என்று ஆய்வகமே நிரூபித்துக் காட்டச் சொல்கிறது. விலை உயர்ந்த மென்பொருள், உலகமெல்லாம் போலீஸ் பயன்படுத்துகிறது என்ற பதில் போதாது. அந்த ஆய்வகத்தில் இதற்குச் செய்தது எளிமையான வேலை. ஒரு பழைய செல்போனில் புது சிம் போட்டார்கள். யார் யாருக்கு, எந்த நிமிடத்தில் என்ன செய்தி என்று தாளில் பேனாவால் எழுதிக்கொண்டே அனுப்பினார்கள். படம் எடுத்தார்கள், சிலவற்றை அழித்தார்கள், அழித்த நேரத்தையும் எழுதினார்கள். பிறகு மென்பொருளால் தரவை எடுத்துத் தாளோடு ஒப்பிட்டார்கள். ஒரு பத்தியில் நேரம் உலக நேரமாகவும் பக்கத்துப் பத்தியில் இந்திய நேரமாகவும் வந்தது, தலைப்பில் எது எது என்று இல்லை. ஐந்தரை மணி நேர வித்தியாசம் ஒரு மனிதனை வேறு இரவில் கொண்டுபோய் வைத்துவிடும். ஒரு செயலியின் தேதிகள் மட்டும் 31 ஆண்டு பின்னால் விழுந்தன. அந்தச் செயலி 2001 ஜனவரி 1இலிருந்து நொடிகளை எண்ணுகிறது, மென்பொருளோ 1970 ஜனவரி 1இலிருந்து எண்ணிவிட்டது. இவற்றை அறிந்த பின் மென்பொருளைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. எங்கே நம்பலாம், எங்கே கையால் சரிபார்க்க வேண்டும் என்று எழுதி வைத்தால் போதும். அமெரிக்காவின் என்ஐஎஸ்டி தரநிலை நிறுவனம் தடய மென்பொருள்களைச் சோதித்து முடிவுகளை எல்லோரும் படிக்கும்படி வெளியிடுகிறது. அவையும் உதவும், ஆனால் நம் மேசையில் உள்ள பதிப்பை நாம்தான் சோதிக்க வேண்டும்.

ஒரு விஷயத்தை நீதிமன்றங்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஓடுகிற செல்போனை இரண்டு முறை எடுத்தால் இரண்டு ஹாஷ் வரும். போன் தன் பாட்டுக்கு உள்ளே எழுதிக்கொண்டே இருக்கும். அது மோசடி அல்ல. முதல் முறை எடுத்ததை முத்திரையிட்டு வைத்து, இரண்டாவதில் மாறியது எது என்று விளக்கத் தெரிந்த பரிசோதகர் இருந்தால் வழக்கு தப்பும்.

இனி கடினமான இடம். 7.10 பிரிவு. தப்பான வேலை கண்டுபிடிக்கப்பட்டால் அந்த ஒரு வேலையைத் திருத்துவதோடு நிற்கக் கூடாது. முன்பு கொடுத்த முடிவுகளிலும் அதே பிழை உண்டா என்று பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் அவற்றைப் பெற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். உரக்கடை டிவிஆரின் நேரத்தைச் சரிபார்க்காத ஆய்வகம் அதற்கு முன்பு வந்த டிவிஆர்களின் நேரத்தையும் சரிபார்த்திருக்கவில்லை. அந்த அறிக்கைகள் நீதிமன்றங்களில் கிடக்கின்றன. சிலவற்றில் தீர்ப்பே வந்துவிட்டது.

அலுவலகத்தில் இரண்டு கருத்து எழுந்தது. பழையதைக் கிளறினால் தண்டனை பெற்றவர்களெல்லாம் மேல்முறையீட்டுக்கு ஓடுவார்கள், இனிமேல் சரியாகச் செய்தால் போதும் என்றது ஒரு தரப்பு. அந்தப் பயத்தை நான் எள்ளளவும் குறைத்து மதிக்கவில்லை. வெட்டுப்பட்டவர்களின் குடும்பங்களும் இருக்கின்றன. ஆனாலும் எழுதித்தான் சொல்ல வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. 2019இல் டென்மார்க்கில் தொலைபேசி நிறுவனங்களின் தரவைப் போலீஸ் மாற்றிப் படித்த மென்பொருளில் பிழை தெரியவந்தபோது, அரசு வழக்குத் தொடர்வுத் துறையின் தலைமை அந்தத் தரவைச் சாட்சியமாக வைப்பதை இரண்டு மாதம் நிறுத்தியது. 2012 முதல் நடந்த சுமார் 10,700 வழக்குகளை மறுபடி பார்க்க உத்தரவிட்டது. விசாரணைக் கைதிகள் சிலர் விடுவிக்கப்பட்டார்கள். அந்த நாட்டில் நீதி அமைப்பு இடிந்து விழவில்லை. பிழையைத் தானே சொன்ன துறையின் அடுத்த அறிக்கையை நீதிபதி நம்புவதற்கு ஒரு காரணம் கிடைக்கிறது.

கடைசியில் ஆய்வகம் பட்டியல் தயாரித்தது. மகஜரில் நேர வித்தியாசம் எழுதப்பட்டவை மிகக் குறைவு. ஒரு சில நல்ல ஏட்டையாக்கள் யாரும் சொல்லாமலே செய்திருந்தார்கள். டிவிஆர் இன்னும் காவலில் உள்ளவை தனி. டிவிஆர் உரிமையாளரிடம் திரும்பிப் போய், காட்சி மட்டும் மிஞ்சியவை தனி. நேரமே முக்கியமில்லாத வழக்குகளும் உண்டு, முகம் தெளிவாகத் தெரிகிற திருட்டு போல. அவற்றை அடியில் வைத்தார்கள். மீதிக்கு அரசு வழக்கறிஞர்களுக்குக் கடிதம் போனது.

ஆய்வகத்துக்குள் எவ்வளவு சீர் செய்தாலும் சாட்சியம் பிறப்பது உரக்கடைப் பரணில்தான். அதனால் நிலையங்களுக்கு ஒரு தாள் அனுப்பப்பட்டது. டிவிஆரை நிறுத்துவதற்கு முன் அதன் திரையையும் கைப்பேசியின் நேரத்தையும் ஒரே படத்தில் எடு, வித்தியாசத்தை நிமிடம் நொடியோடு மகஜரில் எழுது, கூடவா குறைவா என்பதையும் எழுது. கைப்பேசி வலைப்பின்னலிலிருந்து தானாக நேரம் எடுக்கும்படி வைத்திருக்க வேண்டும். தேடுதலையும் கைப்பற்றுதலையும் ஒளிப்பதிவு செய்யச் சொல்லும், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆவது பிரிவு ஏற்கெனவே அதிகாரி கையில் கேமராவைக் கொடுத்திருக்கிறது. அதைத் திரைப்பக்கம் ஒரு முறை திருப்புவதுதான் கூடுதல் வேலை. இந்தத் தாளோடு போன ஓர் ஏட்டையா கடைக்காரரிடம், “அண்ணாச்சி, கரண்டு கட்டாயிடாம கொஞ்சம் பாத்துக்கிடுங்க, மணி என்ன காட்டுதுன்னு எழுதிக்கிடுதேன்” என்று சொன்னதை வகுப்பில் மற்றவர்களுக்கும் சொன்னோம். உத்தரவுச் சுற்றறிக்கையைவிட அது நன்றாகப் பதிந்தது.

கேமராப் பதிவின் மதிப்பு இந்தச் சீமைக்குப் புதிதாகத் தெரிய வேண்டியதில்லை. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் நடந்ததை விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர், ஒரு டெராபைட் இடம் இருந்தும் காட்சிகள் தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததாக உயர் நீதிமன்றத்துக்கு எழுதினார். அதே ஆண்டு டிசம்பர் 2இல் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைக்கவும், பதிவுகளை 18 மாதம் காக்கவும், அது முடியாத இடத்தில் குறைந்தது ஓராண்டாவது காக்கவும் உத்தரவிட்டது. பதிவைப் பரிசோதிக்கிறவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்ற கேள்வி அப்போதிருந்தே மக்கள் மனத்தில் இருக்கிறது.

அந்தக் கேள்விக்குத் தரநிலை 4.1இல் பதில் கேட்கிறது: பாரபட்சமின்மைக்கு வரும் ஆபத்துகளைத் தொடர்ந்து கண்டறி. தமிழ்நாட்டில் தடய அறிவியல் துறை உள்துறையின் கீழ் தனித் துறையாக இருக்கிறது, திருநெல்வேலியில் அதற்கு வட்டார ஆய்வகமும் உண்டு. காவல்துறையின் சொந்த டிஜிட்டல் ஆய்வகத்துக்கு அப்படித் தனித்து நிற்கும் நிலை கிடையாது. விசாரணை அதிகாரியும் பரிசோதகரும் ஒரே மேலதிகாரிக்குக் கீழ். இந்த வழக்கின் முதல் பரிசோதனையின்போது விசாரணை அதிகாரி பரிசோதகரின் நாற்காலிக்குப் பின்னால் நின்று, “பஸ் 9.50, இது 9.52, சரியா இருக்கா” என்று சொல்லிக்கொண்டிருந்தார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட கண் கடிகாரத்தைச் சந்தேகிக்காது. இப்போது கேள்விகள் எழுத்தில் மட்டும் வருகின்றன, ஆய்வறைக்குள் விசாரணை அதிகாரிக்கு அனுமதி இல்லை, அறிக்கையை இரண்டாவது பரிசோதகர் வழக்கு விவரம் தெரியாமல் படிக்கிறார். ஆள் பற்றாக்குறை உள்ள இடத்தில் இந்த இரண்டாவது ஆள்தான் பெரிய செலவு. அதைக் குறைக்கச் சம்மதிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இங்கிலாந்தில் டிஜிட்டல் தடயப் பிரிவுகள் 2017 அக்டோபருக்குள் 17025 அங்கீகாரம் பெற வேண்டும் என்று தடய அறிவியல் ஒழுங்காளர் கெடு வைத்தபோது பெரும்பாலான போலீஸ் படைகளால் அதை எட்ட முடியவில்லை. பிறகு 2021இல் தனிச் சட்டம் வந்தது. அதன் கீழான நடைமுறை விதி 2023 அக்டோபர் 2இல் அமலுக்கு வந்தது. பணமும் ஆளும் உள்ள இடத்திலேயே இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது. நம் ஊரில் ஆறு மாதத்தில் வாங்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் அவர் காகிதத்தைத்தான் தயார் செய்வார்.

திருத்திய அறிக்கை, முதல் அறிக்கையின் எண்ணையும் மாற்றத்துக்கான காரணத்தையும் குறிப்பிட்டு, நீதிமன்றத்தில் தாக்கலாகிவிட்டது. வழக்கு நடக்கிறது, கட்டம் போட்ட சட்டைக்காரர் யார் என்று விசாரணை அதிகாரி மறுபடி தேடுகிறார். பழைய வழக்குகளின் பட்டியலில் டிவிஆர் திரும்பிப் போனவைதான் கடினம். அவற்றுக்குக் காட்சிக்குள்ளேயே நேரம் தெரிந்த நிகழ்வைத் தேட வேண்டும்: மின்தடை, ரயில்வே கேட் மூடல், கோயில் ஒலிபெருக்கி. துணைமின் நிலையப் பழைய பதிவேடுகள் கழிக்கப்படும் முன் அந்தந்தத் தேதிப் பக்கங்களின் சான்றிட்ட நகலை முதலில் வாங்கி வைக்கும்படி ஆய்வகத்திடம் சொல்லியிருக்கிறோம்.